குதிரையை மூடிய படகு

மாமல்லபுரத்துக்குப் போய் ஒரு சிற்பத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தவள் நான். தைப்பிங்கில் இதைச் சொன்னால் என் கடைக்கு வரும் லாரி டிரைவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் போனது ஒரு கிடாருக்காக.

மலேசியாவில், தைப்பிங் நகரத்தில், எனக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. கணவர் காலமான பிறகு நானே நடத்துகிறேன். கடைக்கு மேலே வீடு. வீட்டுச் சுவர்கள் முழுக்கக் கிடார்கள். எல்லாமே அமெரிக்காவில் ஒரு காலத்தில் மலிவு விலைக்கு விற்ற பழைய கிடார்கள். முன்பலகையில் படம் போட்டிருப்பார்கள். நெருப்பு மூட்டிக் குளிர்காயும் மாடு மேய்ப்பவர்கள், நிலா வெளிச்சத்தில் ஒரு தென்னை, குதிரைமேல் கயிறு சுழற்றும் ஒருவன். தகட்டில் உருவம் வெட்டி, அதன்மேல் வண்ணம் பீய்ச்சிய படங்கள். பையன்கள் ஆசைப்பட்டு வாங்கட்டும் என்று செய்தவை.

என் மகனுக்கு இது பிடிக்காது. "இடம் அடைக்குது" என்பான். கோலாலம்பூரில் பழைய கிடார் சேகரிப்பவர்கள் கூடும் இடத்துக்கு ஒருமுறை என் கிடார் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தின் ரேகை தெரிய மெருகேற்றிய கிடாரோடு வந்திருந்த ஒருவர் என்னுடையதை விரலால் தட்டிப் பார்த்தார். "இது கிடார் இல்லம்மா, பிஸ்கட் டின்" என்றார். "எனக்குப் பிஸ்கட் டின்னும் பிடிக்கும்" என்றேன். அதோடு அந்தக் கூட்டத்துக்கு நான் போவதில்லை.

போன வருடக் கடைசியில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் மாமல்லபுரத்தில் பழைய பொருள் விற்கும் பாபு. ஏற்கெனவே அவரிடம் ஒரு பித்தளை ஹாரன் வாங்கியிருக்கிறேன். படத்தில் ஒரு கிடார். அதில் குதிரை இல்லை, தொப்பிக்காரன் இல்லை. நீலக் கடல், மேல் மூலையில் நிலா, மஞ்சள் படகு, படகில் நின்று வலை வீசும் ஒரு பெண். அமெரிக்காவில் எவரும் அந்தப் பெண்ணை வரைந்திருக்க முடியாது. பாவாடை தாவணியில் நின்றாள். தாவணியில் வெள்ளைப் புள்ளிகள். நான் அன்றே விலை பேசி முடித்து, அட்வான்ஸும் அனுப்பிவிட்டேன்.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் முதலில் பசி. ஒரு சின்னக் கடையில் இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் ரொட்டிச்சானாய் என்ற பரோட்டாவுக்குப் பருப்புக் கறி ஊற்றுவார்கள். இந்த வடகறி அதற்கு அக்கா மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. காலடியில் காகிதம் சுற்றிய கல் பிள்ளையார். மனைவி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இன்னும் ஒரு பிள்ளையார் வாங்கினால் வீட்டில் நமக்கு இடமிருக்காது." கணவன் சாம்பாரைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் நாம் வெளியே படுத்துக்கொள்ளலாம்" என்றான். என் மகனுக்கு அந்த மனிதனை அறிமுகம் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

பாபுவின் கடை கடற்கரைக்குப் போகும் தெருவில். கல் உளிச் சத்தம் அடுத்த பட்டறையிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. பாபு எழுந்து நின்று வரவேற்றார். டீ சொன்னார். அந்த மரியாதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடன் சொல்ல வருகிறவர்கள்தான் என் கடையில் இப்படி நிற்பார்கள்.

"மேடம், பீஸ் இப்ப கடைல இல்ல. ஊரப்பாக்கத்துல கீது. நம்ம பிரகாஷ் தம்பி கிளீன் பண்ணிக்கினு கீறாரு."

"என்ன கிளீன்?"

"மேல எவனோ போட்டுக்கு அடிக்கிற பெயின்ட்ட அடிச்சி நாஸ்தி பண்ணி வெச்சிருந்தான் இல்ல? அத்த எடுத்துட்டா உள்ள ஒரிஜினல் கவ்பாய் கீறான் மேடம். லைட் அடிச்சிப் பாத்துட்டாரு தம்பி. குதிர, கயிறு எல்லாம் சூப்பரா கீது. உங்களுக்காகத்தான் செய்றோம். எக்ஸ்ட்ரா எதுவும் வாணாம்."

நான் டீயைக் கீழே வைத்தேன். "நான் பேசின கிடார்ல ஒரு பொண்ணு வலை வீசுறா. எனக்கு அவதான் வேணும். உடனே நிறுத்தச் சொல்லுங்க."

பாபு போன் செய்தார். எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினார். "அவரு கம்பெனி வேலைல கீறாரு மேடம். சனிக்கிழமதான் இதுல கை வெப்பாரு. அதுக்குள்ள சொல்லிடலாம். டென்சன் ஆவாதீங்க."

அந்தப் பெண்ணை வரைந்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. யார் விற்றது என்று கேட்டேன். தரகர்கள் எவரும் இதைச் சொல்ல மாட்டார்கள். "அது எதுக்கு மேடம் உங்களுக்கு?" என்றார். நான் அவருடைய கடை வாசலில் கிடந்த ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வந்த வாடிக்கையாளர்கள் என்னைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏற அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. மதியத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்: கடப்பாக்கத்தைத் தாண்டி ஒரு ஊர், டேனியல் என்ற ஆட்டோக்காரர்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். கண்டக்டர் கிடாரை எடுத்துப் போக ஊரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த காலிக் கிடார்ப் பெட்டியைப் பார்த்து அதற்கும் டிக்கெட் கிழித்தார். "உள்ள ஒண்ணும் இல்லையே" என்றேன். "வெளிய கீதே" என்றார். இரண்டு டிக்கெட்டுக்கும் காசு எண்ணிக் கொடுத்தேன்.

கல்பாக்கத்தில் டயர் பஞ்சர். எல்லாரையும் இறக்கி நிழலில் நிறுத்தினார்கள். அலுவலகப் பஸ்கள் வரிசையாகப் போயின. அவற்றுக்கிடையில், அடையாள அட்டை மார்பில் ஆட, விஞ்ஞானிகளோ தொழிலாளர்களோ, சைக்கிள் மிதித்துப் போனார்கள். அணு உலைக்குச் சைக்கிளில் போகிற ஊரை நான் பார்த்ததில்லை. தைப்பிங்கில் நாலு கடை தள்ளியிருக்கும் மார்க்கெட்டுக்குக் கார் எடுக்கிறோம். ஜாக்கி சரியாக நிற்கவில்லை என்று டிரைவர் திட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பலகையை வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வைத்தார். நின்றது. அதற்குப் பிறகு ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்று தெரிந்தது. ஷேர் ஆட்டோவில், இரண்டு மீன் கூடைகளுக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் நடுவில், மீதித் தூரத்தைக் கடந்தேன்.

கடப்பாக்கத்தில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு, புளி தூக்கல். கடைக்கார அம்மாள் கேட்காமலே நெத்திலி வறுவல் வைத்தாள். "ஃபோட்டோ புடிக்க வந்தியாம்மா? இடிஞ்ச கோட்டைக்கு அந்தப் பக்கம் போவணும்" என்றாள். கிடாருக்கு வந்தேன் என்றதும் உள்ளே திரும்பி, "யோவ், கிடாருக்கு வந்துகிறாங்களாம்" என்று கணவனிடம் சொன்னாள். உள்ளிருந்து பதில் வந்தது: "ஸ்டெல்லா வூட்டுக்கு அனுப்பு."

பாபு சொன்ன பெயர் டேனியல். இவர்கள் சொல்வது ஸ்டெல்லா. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடப்பாக்கத்தைத் தாண்டி இருந்த அந்த வீட்டை இடித்திருந்தார்கள். புது வீட்டுக்குத் தூண்கள் எழும்பியிருந்தன. பக்கத்தில் தார்ப்பாய்க் கொட்டகை. அதில் பீரோ, கட்டில், பாத்திரங்கள், மாதா படம். சாயங்காலப் பஸ்ஸில் இறங்கி, கையில் டிபன் பையோடு ஒரு பெண் வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது, கண்ணாடி, விரல் நுனிகளில் பழுப்புக் கறை. கல்பாக்கத்தில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அவள்தான் ஸ்டெல்லா. டேனியல் அவள் தம்பி.

நான் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டி, இந்தக் கிடாரை வாங்க வந்திருக்கிறேன் என்றேன்.

ஸ்டெல்லா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது எங்க கெடச்சிது உங்களுக்கு? இது சேகர் வூட்ல இல்ல கீது?"

வீடு இடிக்கும்போது சாமான்களை அக்கம்பக்கத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். கிடார் நண்பன் சேகர் வீட்டில் பத்திரமாக இருப்பதாக டேனியல் சொல்லியிருக்கிறான். நான் பாபுவைப் பற்றிச் சொன்னேன். வண்ணத்தைச் சுரண்டுவதைப் பற்றியும் சொன்னேன். அவள் டிபன் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள். "வூட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

டேனியல் ஆட்டோவை நிறுத்தி இறங்கும்போதே என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டான்.

"வூட்ட இடிக்கச்சொல்லோ எம்மாம் சாமான்க்கா. எங்க வெக்கிறது? கம்பி எல்லாம் துரு. பெயின்ட் உரிஞ்சிகினு கீது. அந்தாளு வந்து கேட்டான், குடுத்துட்டேன்."

"என்னக் கேட்டியா?"

"ஒரு ஒடஞ்ச பொட்டிக்கு இம்மாம் பேஜாரா?"

"என்னக் கேட்டியா டேனியலு?"

அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். "இந்த வூட்டுக்கு லோன் எம்பேர்லதான் கீது" என்றாள் அவள். "சொவுரு எந்தப் பக்கம் வரணும்னு என்னக் கேக்கல. சரின்னு உட்டேன். இத உட மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கி எனக்கு லீவு. ஊரப்பாக்கம் போலாமா?"

நான் வாங்க வந்தவள். அவள் விற்காதவள். இருவரும் சேர்ந்து போவதில் என்ன பொருள் இருக்கிறது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. போலாம் என்றேன். மாமல்லபுரம் திரும்புவதற்குள் இருட்டிவிடும் என்று, அவளுடைய சித்தி வீட்டில் எனக்குப் பாய் விரித்தார்கள்.

போகும் வழியில், மதுராந்தகம் பஸ்ஸில், அவள் கதையைச் சொன்னாள். அவளுடைய அப்பா உப்பளத்தில் கூலி. உப்பளத்து அதிகாரி ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது, தூக்கிப்போடக் கிடந்த கிடாரை அப்பா கேட்டு வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்குக் கிடார் தெரியும். ஸ்டெல்லா கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப் போனாள். அவர்கள் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

"பாட்டுக் கோஷ்டிக்கு ஒருத்தரு மாஸ்டர் இருந்தாரு. கிடார்ல குதிரைக்காரன் இடுப்புல துப்பாக்கி வெச்சிகினு கீறானாம். இத்த பீடத்துக்கு முன்னால கொண்டாரக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அதனால மூடிட்டீங்களா?"

"எங்க ஊருல போட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவங்ககிட்ட மிச்சம் மீதி கேட்டு வாங்கினேன். குதிரைய போட் ஆக்கினேன். கயித்த வல ஆக்கினேன். அந்தாள அழிச்சிட்டு என்னப் போட்டேன். அந்தத் தாவணி என்னுதுதான். அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்துகினு போனேன்."

"சேத்துக்கிட்டாங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாள். "பொம்பள வல வீசுவாளான்னு கேட்டாரு. யக்கா, துப்பாக்கி இல்லன்னா வல. வல இல்லன்னா வேற ஒண்ணு. எங்க தெரு ஜனம் பின் பெஞ்சுல குந்தணும். அதான் விசயம். அத்த வாயால சொல்றதுக்கு அவுங்களுக்கு வெக்கம். எங்கப்பா ரெண்டு தபா சண்ட போட்டாரு. அப்பறம் நான் எங்க தெருவுலயே வாசிச்சேன். கிறிஸ்மஸ் பஜனைக்கு, சாவு வூட்டு ஜெபத்துக்கு, எங்கூட வேல செய்றவங்க கல்யாணத்துக்கு. கோயில் உள்ள மட்டும் இல்ல."

இதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில் தேர் இழுக்கும்போது எந்தக் கயிற்றை எந்த லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் பிடிப்பது என்று நடந்த சண்டைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கடல் தாண்டிப் போனவர்கள் இதையும் மூட்டை கட்டித்தான் எடுத்துப் போனோம்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்து ஊரப்பாக்கத்தில் இறங்கினோம். பாபுவிடம் வாங்கியிருந்த முகவரியில் பிரகாஷின் அடுக்குமாடி வீட்டுப் படியேறும்போதே எனக்குத் தின்னர் வாசனை அடித்தது. என் கடையில் நாள் முழுக்க அடிக்கும் வாசனை. நான் படிகளை வேகமாக ஏறினேன்.

பிரகாஷ் முப்பது வயதுக்காரர். மரியாதையானவர். காதில் இயர்போன், ஒரு கையில் பஞ்சு சுற்றிய குச்சி. பாபுவின் செய்தியை அவர் கேட்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டே யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். "மேலே இருப்பது வெறும் குப்பை வண்ணம். அடியில் இருப்பது அற்புதம். இன்று மாலைக்குள் குதிரை முழுதாக வெளியே வந்துவிடும்." அதைச் சொல்லி முடித்துவிட்டு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கிடார் ஒரு மேசையில் மல்லாந்து கிடந்தது. கம்பிகளைக் கழற்றியிருந்தார். வலப்பக்க மேல் மூலையில் கடல் போய்விட்டிருந்தது. நிலா போய்விட்டது. வலையின் ஒரு ஓரம் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு குதிரைத் தலை. விரிந்த மூக்கு, பறக்கும் பிடரி, அதன்மேல் சுழலும் கயிற்றின் வட்டம்.

நான் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தக் குதிரை எனக்குத் தெரியும். பழைய விற்பனைப் பட்டியல் ஒன்றில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்திருக்கிறேன். இதுவரை ஒருவரிடமும் நேரில் கண்டதில்லை. என் கிடாரைப் பிஸ்கட் டின் என்று கேலி செய்தவரும் இதைக் கண்டால் வாயை மூடுவார். அதுவும் துல்லியமாக, ஒரு கீறலில்லாமல். போட் பெயின்ட் அதை இத்தனை வருடமும் காப்பாற்றி வைத்திருந்தது.

பிரகாஷ் என் முகத்தைப் படித்துவிட்டார். "பார்த்தீங்களா ஆன்ட்டி? இன்னும் கொஞ்ச நேரம்தான். முழுசா எடுத்துடலாம். இந்தியாவுல இது ஒண்ணுதான் இருக்கும்."

அதற்குள் ஸ்டெல்லா மேசைக்குப் போயிருந்தாள். கிடாரைத் தூக்கினாள். அங்கிருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். வெட்டுப்பட்ட கடலின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"மேடம், ஈரமா இருக்கு, தொடாதீங்க" என்றார் பிரகாஷ். "நீங்க யாரு?"

"இந்தப் படகுல நிக்கிறேனே, அது நானு."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனாலும் விடவில்லை. "அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாம மேல அடிச்சிட்டீங்க. பரவாயில்ல. ஆனா ஒரு ஒரிஜினல இப்படி மூடி வெக்கிறது சரியில்ல மேடம்."

"குதிர கீதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஸ்டெல்லா. "நாந்தான தம்பி அத்த மூடுனேன்."

பிரகாஷ் பாபுவுக்குப் போன் போட்டார். பாபு என்னிடம் பேச வேண்டும் என்றார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன்.

"மேடம், அவங்க தம்பி கையால வாங்கினேன். நீங்க என்கிட்ட பேசி முடிச்சது. கிடார் உங்களுது. அந்தம்மாவ எழுந்து போவச் சொல்லிட்டு எடுத்துகினு வாங்க. நம்ம பிசினஸ்ல இதெல்லாம் பாக்கக் கூடாது."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. கிடாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னாலும் அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. போலீஸ் வந்தாலும் நாற்காலியோடுதான் தூக்க வேண்டும்.

"நான் வாங்கல" என்றேன். "யாரோடதுன்னு தெரியாம பேசினேன். இப்ப தெரிஞ்சிடுச்சு."

"அட்வான்ஸ் திரும்ப வராது மேடம்."

"வேணாம். ஆனா இந்தம்மா வீட்டுப் பக்கம் வந்தீங்கன்னா, மறுபடியும் உங்க கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவேன். இந்தத் தடவ கல்லு வாங்க வர்ற வெள்ளக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல கதை சொல்வேன்."

போன் நின்றது. பிரகாஷ் ஒரு பழைய போர்வையைக் கொண்டு வந்து கொடுத்தார். "நல்லா உலரட்டும். வெயில் பட வேணாம்" என்றார். வாசல் வரை வந்தார். "அந்த மூலையைத் திருப்பி அடிக்கணும்னா சொல்லுங்க, கலர் மேட்ச் பண்ணித் தர்றேன்." ஸ்டெல்லா தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் என்றாலும் ரயிலில் நெருக்கடி. பெண்கள் பெட்டியில் நானும் ஒரு கல்லூரிப் பெண்ணும் இரண்டு பக்கமும் கை வைத்துக் கிடாரைக் காப்பாற்றினோம். வண்ணம் உலரவில்லை என்பதால் என் கிடார்ப் பெட்டிக்குள் வைக்க முடியவில்லை. அந்தப் பெட்டி தலைக்குமேல் காலியாகவே வந்தது. போர்வை விலகியதும் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? போட்டுக்குள்ள குதிர எட்டிப் பாக்குது?"

"ஆமா, தூங்கிகினு இருந்துச்சு. எழுப்பிட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"வல வீசுறது யாரு?"

"நாந்தான்."

அந்த அம்மாள் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்ப ஒல்லியா இருந்துகிற" என்றாள். ரயில் பெட்டியே சிரித்தது. ஸ்டெல்லாதான் அதிகம் சிரித்தாள்.

ஸ்டெல்லாவின் ஊருக்குத் திரும்பியதும், கொட்டகை நிழலில் உட்கார்ந்து நான் கம்பி மாட்டினேன். இந்த வகைக் கிடாருக்குப் பலமான கம்பி போட்டால் கம்பியைத் தாங்கும் பாலம் பிய்த்துக்கொண்டு வரும். பட்டு நூல் சேர்த்த மெல்லிய கம்பி ஒரு செட் எப்போதும் என் பையில் இருக்கும். ஸ்டெல்லா சுருதி சேர்த்தாள். சத்தம் என்ன பெரிய சத்தம். டின் மாதிரிதான் இருந்தது. ஆனால் தெருக்கோடி வரை கேட்டது. இரண்டு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மணலில் குந்தினார்கள். ஒருத்தி, "ஸ்டெல்லாக்கா, அந்த மூலைய மறுபடியும் நீலம் அடிச்சிடலாமா? எங்கூட்ல டப்பா கீது" என்று கேட்டாள்.

"வாணாம். கெடக்கட்டும்."

"குதிர தெரியுதே."

"தெரியட்டும். மூடி மூடி இன்னாத்த கண்டோம்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, சமையலுக்கு உப்பு கேட்பதுபோல, "நாளைக்கி நான் உள்ள எடுத்துகினு போறேன். வர்றவங்க வாங்க" என்றாள்.

ஒருத்தி மட்டும், "நாளைக்கா?" என்றாள்.

எனக்கு மறுநாள் மாலை விமானம். காலையில் கோயிலுக்கு நானும் போனேன். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். எங்கே முழங்காலிடுவது, எப்போது எழுவது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். டேனியல்தான் எங்களை ஆட்டோவில் கொண்டு விட்டான். இறங்கும்போது, "தேவயில்லாத வேலக்கா" என்றான். ஸ்டெல்லா கிடாரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவன் உள்ளே வரவில்லை. ஆட்டோவிலேயே உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

உள்ளே பெரிய மின்விசிறிகள், பூ மணம். முன்னால் இடப்பக்கத்தில் பாடகர் பெஞ்சு. அதன் பக்கத்தில் கீபோர்டும் ஒலிபெருக்கியும். கீபோர்டில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பழைய மாஸ்டரின் மகன் என்று கூட வந்த ஸ்டெல்லாவின் சித்தி என் காதில் சொன்னாள். ஸ்டெல்லா பின் பெஞ்சுகளைத் தாண்டினாள். நடு பெஞ்சுகளைத் தாண்டினாள். எனக்கு முன்னால் அவள் முதுகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை தலைகள் திரும்பின என்று நான் பார்க்கவில்லை. அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவள் பாடகர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். முந்தின நாள் நீலப் பெயின்ட் கேட்டவள் ஒரு கைக்குழந்தையோடு வந்து என் பக்கத்தில். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் பின்னாலேயே இருந்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அந்த ஊரில் வாழ வேண்டும்.

மாஸ்டரின் மகன் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், இது கொயர் பெஞ்சு."

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் வந்து குந்திகினு கீறேன்."

"ப்ராக்டீஸுக்கு நீங்க வரலையே. கிடார்ல வேற என்னென்னமோ படம் இருக்கு. ஃபாதர்கிட்ட கேட்டீங்களா?"

"உங்கப்பா இருக்கச்சொல்லோ கேட்டேன். இன்னும் பதில் வரல."

அவர் நிமிர்ந்து பீடத்தைப் பார்த்தார். ஃபாதர் இளவயதுக்காரர், ஊருக்குப் புதியவர். எங்கள் பக்கம் பார்த்தார், கிடாரைப் பார்த்தார், பின் பெஞ்சுகளைப் பார்த்தார். கோயில் முழுதும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. யாரையும் உட்காரவும் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஓர் எண்ணை மட்டும் சொன்னார்.

கீபோர்டு உடனே முழங்கத் தொடங்கியது. மாஸ்டரின் மகன் வேண்டுமென்றேதான் சத்தத்தைக் கூட்டியிருந்தார். ஒலிபெருக்கி என் விலா எலும்பில் அதிர்ந்தது. ஸ்டெல்லா அவசரப்படவில்லை. சுருதி எதுவென்று காது கொடுத்துக் கேட்டாள். இடக்கை விரல்களைக் கம்பிமேல் வைத்தாள். முன்னிசை முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில், குதிரைத் தலைமேல் மணிக்கட்டு இருக்க, முதல் வீச்சு வீசினாள். அந்தச் சத்தம் கீபோர்டுக்குக் கீழே போய்விட்டது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்து பாடினாள். குழந்தைக்காரி பாடினாள். எனக்கு வார்த்தை தெரியாது. புத்தகத்தைப் பார்த்து நானும் வாயசைத்தேன். இரண்டாம் அடியில் பின்னால் இருந்து குரல்கள் வந்தன. எழுந்து வராதவர்கள் அங்கிருந்தே பாடினார்கள். அவர்கள் கீபோர்டின் வேகத்துக்குப் பாடவில்லை. தங்கள் தெருவில் ஸ்டெல்லா வாசிக்கும்போது பாடிப் பழகிய வேகத்துக்குப் பாடினார்கள். அது கொஞ்சம் நிதானமான வேகம்.

மாஸ்டரின் மகன் ஒரு வரி வரைக்கும் முந்திக்கொண்டு ஓடினார். பிறகு தடுமாறினார். மூன்றாம் அடியில் கீபோர்டு நின்றுவிட்டது.

ஸ்டெல்லா நிறுத்தவில்லை.